சாவுக் கணக்குல இருந்து ட்வீட் கணக்கு வரைக்கும்

போன வாரம் காலேஜ் நண்பன் ஒருத்தன் போன் பண்ணான், ரெண்டு வருஷம் கழிச்சு. "மச்சான், சொந்தமா கம்பெனி ஆரம்பிக்கப் போறேன்டா, சோசியல் மீடியா அனலிட்டிக்ஸ், இன்வெஸ்டர்ஸ் கிட்ட காட்ட ஸ்லைடு போட்டு வெச்சிருக்கேன், பாத்து சொல்லு"ன்னான். வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வந்துச்சு, பதினாலு ஸ்லைடு. பதினோராவது ஸ்லைடுல நாலு வட்டம், மூணு வட்டத்துக்குள்ள கோட்டு போட்ட ஆளுங்க சிரிக்கிறாங்க, நாலாவது காலியா இருக்கு, மேல அட்வைசர்ஸ்னு போட்டிருக்கு. அந்த நாலாவது வட்டத்துக்குத் தான் ஆள் தேடறானாம். "யாராச்சும் புரொஃபசர் கெடச்சா நல்லா இருக்கும்ல, பாக்கறவனுக்கு ஒரு வெயிட்டா தெரியும்"னான்.

கல்யாணப் பத்திரிகைல "தங்கள் நல்வரவை விரும்பும்"னு கீழ ஒரு கூட்டம் பேர் போடுவாங்கல்ல, அதுல பாதி பேர் மண்டபத்துக்கே வர மாட்டாங்க, ஸ்டார்ட்அப் அட்வைசர்ஸும் அநேகமா அந்த மாதிரி தான். வழக்கமா கால் சதவீதமோ ஒரு சதவீதமோ ஷேர் குடுப்பாங்க, அவங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஜூம்ல வந்து தலையாட்டிட்டுப் போவாங்க. இதைத் தான் அவன்கிட்ட சொல்ல வாயெடுத்தேன், ஆனா சொல்ல முடியல, ஏன்னா இந்த ஒரு தொழில்ல மட்டும் புரொஃபசருங்க உண்மையிலேயே உள்ள எறங்கி வேலை பாத்திருக்காங்க. அதை அவனுக்கு எழுத ஆரம்பிச்சு வாய்ஸ் நோட் எல்லாம் தாண்டிப் போயிடுச்சு, அதான் இங்க போடறேன்.

நான் சென்னைல ஒரு ஏஜென்சில நாலு வருஷம் ரிப்போர்ட் போட்ட ஆளு. மாசா மாசம் கிளையன்ட்டுக்கு ஒரு வட்டம் வரைஞ்சு அனுப்பணும், நெட்ல ஜனங்க அவங்களைப் பாராட்டி எழுதினது பச்சை இத்தனை சதவீதம், திட்டினது சிவப்பு இத்தனை, ரெண்டும் இல்லாதது சாம்பல் இத்தனை, அவ்ளோ தான் பொழப்பு. ஒரு தடவை எவனோ ஒருத்தன் "சூப்பர் சர்வீஸ்பா, ஒன்பது நாளா கஸ்டமர் கேர் பாட்டு கேட்டுட்டு இருக்கேன், நல்லா இருங்க"ன்னு போட்டிருந்தான், டூல் அதை எடுத்து பச்சைல போட்டுடுச்சு, சூப்பர், நல்லா, ரெண்டு நல்ல வார்த்தை இருக்குல்ல. அந்த மாசம் பச்சை ஏறி இருக்குன்னு கிளையன்ட்டுக்கு ஒரே சந்தோஷம். நான் வாயைத் திறக்கல, அப்ரைசல் டைம்.

ஆனா உறுத்திட்டே இருந்துச்சு. இந்த மாதிரி டூலை யார் செஞ்சாங்க, எதை நெனச்சு செஞ்சாங்கன்னு தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சது அப்பத் தான், அப்படித் தான் கேரி கிங் பேர் கண்ணுல பட்டுச்சு.

கேரி கிங் ஹார்வர்ட்ல அரசியல் விஞ்ஞானம் சொல்லித் தர்ற புரொஃபசர், புள்ளியியல்ல பெரிய கை. 2007ல ஆரம்பிச்ச க்ரிம்சன் ஹெக்ஸகன்ங்கிற கம்பெனிக்கு வேர் அவரோட ஆராய்ச்சி தான். அந்தப் பேரே அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் எழுதின ஒரு கதைல இருந்து எடுத்தது, முடிவே இல்லாத ஒரு லைப்ரரி, எல்லாம் அறுகோண ரூம், அதுல எங்கயோ ஒரு செவப்பு ரூம் இருக்குன்னு ஜனங்க நம்பறாங்க, அது. கம்பெனிக்குப் பேரு வைக்கறதுலயே புரொஃபசர் வாசனை.

விஷயம் பேர்ல இல்ல, கணக்குல இருக்கு. கிங்கும் யிங் லூவும் சேந்து 2008ல ஒரு பேப்பர் போட்டாங்க, அது சாவைப் பத்தினது. உலகத்துல நெறைய எடத்துல ஒருத்தர் வீட்டுலயே இறந்துட்டா எதனால இறந்தார்னு எழுதித் தர டாக்டர் கெடையாது, அதனால ஆய்வு பண்றவங்க அந்த வீட்டுக்குப் போய் "கடைசியா காய்ச்சல் இருந்துச்சா, மூச்சு வாங்குச்சா, நெஞ்சு வலின்னு சொன்னாரா"ன்னு சொந்தக்காரங்க கிட்ட கேட்டு எழுதிட்டு வருவாங்க, இதுக்கு வெர்பல் அட்டாப்ஸின்னு பேரு. இது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல, சென்னைல 48,000 பெரியவங்களோட சாவை இதே மாதிரி வீடு வீடா விசாரிச்சுப் பண்ண ஆய்வு 2002லயே வந்திருக்கு. கிங்கும் லூவும் எடுத்துக்கிட்டது சீனா, தான்சானியா கணக்கு. அவங்க பாத்த பாயிண்ட் என்னன்னா, சுகாதாரத் துறைக்கு முனுசாமி எதனால செத்தார்னு தெரிய வேண்டிய அவசியமே இல்ல, இந்த மாவட்டத்துல நூத்துல எத்தனை பேர் மாரடைப்பு, எத்தனை பேர் டிபி, அந்தப் பங்கு தெரிஞ்சா போதும், அதை வெச்சுத் தான் மருந்து வாங்கப் போறாங்க. அப்போ ஒவ்வொரு ஆளுக்கும் காரணம் கண்டுபிடிச்சு அதைக் கூட்டிப் பாக்கறதுக்குப் பதிலா மொத்தத்துல இருந்து நேரா பங்கை எடுக்க முடியுமா? முடியும்னு காட்டினாங்க.

இதே கணக்கை எடுத்து ப்ளாக் போஸ்ட்டுங்க மேல போட்டது தான் கிங்கும், அப்போ அங்க ஆராய்ச்சி மாணவரா இருந்த டேனியல் ஹாப்கின்ஸும். ஜார்ஜ் புஷ்ஷைப் பத்தியும் 2008 தேர்தல்ல நிக்கிறவங்களைப் பத்தியும் அமெரிக்காக்காரங்க ப்ளாக்ல எழுதினதை எடுத்துக்கிட்டு ஏழு கூடை வெச்சாங்க, ரொம்பத் திட்டு, கொஞ்சம் திட்டு, நடுவுல, கொஞ்சம் பாராட்டு, ரொம்பப் பாராட்டு, அப்புறம் கருத்தே இல்லாதது ஒண்ணு, ப்ளாக்கே இல்லாத குப்பைக்கு ஒண்ணு. அந்தக் கடைசி ரெண்டு கூடையை வெச்சதுக்கே எனக்கு அந்த மனுஷன் மேல மரியாதை, ஏன்னா நாங்க அந்தக் குப்பையை எல்லாம் சாம்பல் கலர்ல போட்டு நியூட்ரல்னு கிளையன்ட்டுக்கு வித்துட்டு இருந்தோம்.

இதுல என்ன பெரிய வித்தியாசம்னு நண்பன் கேட்டான், அவனுக்குப் போட்ட கணக்கையே இங்கயும் போடறேன். ஆயிரம் போஸ்ட் இருக்கு, அதுல உண்மையிலேயே புகார்னு பாத்தா 100 தான், மிச்சம் 900 சும்மா பேச்சு. உங்க மெஷின் நூத்துக்கு எண்பது சரியா சொல்லும்னு வெச்சுக்கோங்க, கேக்க நல்லா தான் இருக்கு. அந்த 100 புகார்ல 80ஐ புகார்னு புடிச்சுடும், சரி. மிச்ச 900ல இருபது சதவீதம் தப்பு பண்ணும்ல, அது 180, அதையும் புகார்னு எண்ணிடும். ஆக மொத்தம் 260 புகார்னு ரிப்போர்ட் போகும், உண்மை 100. பத்து சதவீதம் இருக்க வேண்டியது இருபத்தாறு சதவீதமா போயி எவனுக்கோ வேலை போகும். எண்பது மார்க் வாங்கின மெஷின் பண்ற வேலை இது.

கிங்கோட முறை ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் லேபிள் ஒட்டாது. மனுஷங்க உக்காந்து சில நூறு போஸ்ட்டைப் படிச்சு எது எந்தக் கூடைன்னு கையால பிரிச்சுக் குடுப்பாங்க, ஒவ்வொரு கூடைலயும் எந்தெந்த வார்த்தைங்க சேந்து சேந்து வருதுன்னு அதுல இருந்து தெரிஞ்சுடும், அப்புறம் லட்சக்கணக்கான மொத்தக் குவியல்ல அந்தச் சேர்க்கைங்க எவ்ளோ வருதுன்னு பாத்து, எந்தப் பங்குல கலந்தா இந்தக் குவியல் வரும்னு பின்னாடி போய்க் கணக்குப் போடும். எங்க பாட்டி ஆட்டி வெச்ச மாவை ரெண்டு விரல்ல தொட்டுப் பாத்தே "உளுந்து பத்தாதுடி, நாலுக்கு ஒண்ணு கூட போடல நீ"ன்னு அம்மாவைத் திட்டுவாங்க, அரிசி எத்தனை உளுந்து எத்தனைன்னு எண்ணியா சொன்னாங்க? அது தான்.

சரி கணக்கு ஓகே, கம்பெனி எப்படி ஓடுச்சு? ஹார்வர்ட் கிட்ட லைசென்ஸ் வாங்கித் தான் ஆரம்பிச்சாங்க. முதல் சிஇஓ கேண்டஸ் ஃப்ளெமிங், அவங்களும் கோ-ஃபவுண்டர். அதுக்கப்புறம் 2012ல வந்தவங்க ஸ்டெஃபனி நியூபி. இவங்க கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜேபி மார்கன்ல இருந்தவங்க, பெண்கள் நடத்தற கம்பெனிங்களுக்குக் காசு போடறதுக்குன்னே கோல்டன் சீட்ஸ்னு ஒரு முதலீட்டாளர் கூட்டத்தை ஆரம்பிச்சவங்க, அந்தக் கோல்டன் சீட்ஸ் காசு போட்ட கம்பெனிகள்ல ஒண்ணு தான் க்ரிம்சன் ஹெக்ஸகன். அதாவது காசு போட்டவங்க சேரை இழுத்துப் போட்டு உக்காந்து கடையையே நடத்த ஆரம்பிச்சுட்டாங்க. பொதுவா இன்வெஸ்டர் சிஇஓ ஆனா கம்பெனி ஊத்தி மூடற நேரம்னு தான் நம்ம ஆளுங்க நெனப்போம், இங்க அப்படி இல்ல, பெரிய பெரிய ப்ராண்டுங்க கஸ்டமரா இருந்தாங்க, 2018 வாக்குல ஒரு ட்ரில்லியனுக்கு மேல பொதுப் போஸ்ட்டுங்க சேத்து வெச்சிருக்கறதா சொன்னாங்க. ஒரு ட்ரில்லியன்னா லட்சம் கோடி. போர்ஹெஸோட லைப்ரரி பேரு சும்மா வைக்கல.

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன், தலைப்புக்குச் சம்பந்தம் கம்மி தான், ஆனா விட மனசில்ல. 2013ல கிங்கும் ஜெனிஃபர் பேன், மார்கரெட் ராபர்ட்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்களும் சேந்து சீனா சென்சாரைப் பத்தி ஒரு பேப்பர் போட்டாங்க. சீனாவுல கிட்டத்தட்ட 1,400 சோசியல் மீடியா தளங்கள்ல இருந்து போஸ்ட்டுங்களை, அரசாங்கம் அழிக்கறதுக்கு முன்னாடியே ஓடிப் போய் எடுத்து வெச்சுக்கிட்டு, அப்புறம் திரும்பப் போய் எதெது காணாமப் போயிருக்குன்னு பாத்தாங்க. இதுக்கு டேட்டா வேலைல உதவி பண்ணது க்ரிம்சன் ஹெக்ஸகன் ஆளுங்க. எல்லாரும் எதிர்பாத்தது கட்சியைத் திட்டினா அழிப்பாங்கன்னு தான். வந்த பதில் வேற, திட்டினதுல நெறைய அப்படியே கெடக்குது, ஆனா ஜனங்க ஒண்ணா கூடி ரோட்டுக்கு வந்துடுவாங்களோன்னு இருக்கிற எந்த விஷயமா இருந்தாலும், அரசாங்கத்தைப் பாராட்டி எழுதினது உட்பட, போயிடுது. ஷாம்பு கம்பெனிக்குக் கருத்துக் கணிப்பு போடற அதே மெஷின் இந்த வேலையும் பாத்துச்சுன்னா, பின்னாடி உக்காந்திருக்கிற ஆள் யாருங்கறதுல தான் இருக்கு.

இங்க தான் 2018 வருது. அந்த வருஷம் மார்ச்ல, தேர்தல் பிரச்சாரத்துக்கு டேட்டா வேலை பாத்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்காங்கிற கம்பெனியோட கதை வெடிச்சுது, 8.7 கோடி ஃபேஸ்புக் கணக்குங்க வரைக்கும் தகவல் முறையில்லாம அவங்களுக்குப் போயிருக்கலாம்னு ஃபேஸ்புக்கே ஒத்துக்கிச்சு. அந்தக் கம்பெனில மேல இருந்தவங்க யாருன்னு பாத்தா, சிஇஓ அலெக்ஸாண்டர் நிக்ஸ், வைஸ் பிரசிடெண்டா இருந்த ஸ்டீவ் பேனன் அப்புறம் டிரம்ப்போட பிரச்சாரத்தையே நடத்தினார், காசு போட்டது மெர்சர் குடும்பம், டேட்டாவை எடுத்துக் குடுத்ததும் ஒரு யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர் தான், அலெக்ஸாண்டர் கோகன். அதனால புரொஃபசர் இருந்தா மட்டும் வெயிட்டுன்னு நெனக்கிற என் நண்பன் இந்தப் பேரையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

உலகமே ஃபேஸ்புக்கைக் காறித் துப்பிட்டு இருந்தப்போ ஏப்ரல்ல ஒரு அறிவிப்பு வந்துச்சு, ஆராய்ச்சியாளர்களுக்கு டேட்டாவை ஒழுங்கா, ப்ரைவசி கெடாம, வெளிப்படையா குடுக்கப் போறோம், அதுக்கு நடுவுல ஒரு தனி அமைப்பு இருக்கும், சோசியல் சயின்ஸ் ஒன். அதை நடத்தப் போறது ரெண்டு பேரு, ஸ்டான்ஃபோர்ட் சட்டப் புரொஃபசர் நேதனியல் பெர்சிலி, இன்னொருத்தர் சாட்சாத் கேரி கிங்.

ஜூலைல ஆராய்ச்சியாளர்கள் விண்ணப்பிக்கலாம்னு சொன்னாங்க. அதே ஜூலை 20ஆம் தேதி வாக்குல ஃபேஸ்புக் க்ரிம்சன் ஹெக்ஸகன் டேட்டா எடுக்கற கதவைச் சாத்துச்சு! வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கேள்வி கேட்டிருந்தாங்க, அமெரிக்க அரசாங்க அமைப்புங்களோடயும் ரஷ்ய அரசுக்கு நெருக்கமான ஒரு அமைப்போடயும் இந்தக் கம்பெனிக்கு ஒப்பந்தம் இருந்துச்சாமே, ஃபேஸ்புக் டேட்டாவைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2017லயே ரூல் போட்டீங்களே, என்ன ஆச்சுன்னு. உடனே விசாரணை முடியற வரைக்கும் சஸ்பெண்ட். எங்க கம்பெனி எடுத்தது எல்லாம் யார் வேணா பாக்கக் கூடிய பொதுப் போஸ்ட்டுங்க தான், கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா மாதிரி தனிப்பட்ட தகவல் இல்லன்னு அவங்க சிடிஓ க்ரிஸ் பிங்கம் எழுதினார். ஆகஸ்ட்ல திரும்பத் திறந்துட்டாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு கையால கேரி கிங்கைக் கூப்பிட்டு உக்கார வெச்சு நீங்க தான் டேட்டாவுக்குக் காவல்னு சொல்றாங்க, இன்னொரு கையால அதே கேரி கிங் ஆரம்பிச்ச கம்பெனியை வாசல்ல நிக்க வெக்கறாங்க, ரெண்டும் நாலு மாசத்துக்குள்ள. அக்டோபர்ல க்ரிம்சன் ஹெக்ஸகன் இங்கிலாந்துல பிரைட்டன் ஊர்க்காரங்க கம்பெனியான பிராண்ட்வாட்சோட சேந்துடுச்சு, 2021ல அந்த பிராண்ட்வாட்சை சிஷன் 45 கோடி டாலருக்கு வாங்கறதா அறிவிச்சாங்க. அந்தச் செவப்பு ரூம் பேர் அதோட போச்சு.

சோசியல் சயின்ஸ் ஒன் கதையும் சொல்லிடறேன். சொன்ன டேட்டா இழுத்து இழுத்து 2020 பிப்ரவரில தான் வந்துச்சு, ஃபேஸ்புக்ல ஷேர் ஆன 3.8 கோடி லிங்க்குங்களைப் பத்தின கணக்கு. ஆராய்ச்சியாளர்கள் அதை வெச்சு மாசக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தாங்க. 2021 செப்டம்பர்ல இத்தாலில உர்பினோ யுனிவர்சிட்டிக்காரர் ஃபாபியோ ஜில்யெட்டோ, ஃபேஸ்புக் தனியா வெளியிட்ட இன்னொரு அறிக்கையோட இதை ஒப்பிட்டுப் பாத்தா நம்பர் இடிக்குது. என்னடான்னு பாத்தா அமெரிக்காவுல அரசியல் சார்பு தெரியாதவங்கன்னு ஒரு கூட்டம் இருக்குல்ல, கிட்டத்தட்ட பாதிப் பேரு, அவங்க கணக்கே அந்த டேட்டாவுல இல்ல. தவறு நடந்துடுச்சுன்னு ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டுச்சு. உலகத்துலயே பங்கு கணக்குப் போடறதுல கெட்டிக்காரரை வாசல்ல உக்கார வெச்சாலும் உள்ள இருந்து பாதி மூட்டை தான் வந்துச்சுன்னா அவர் என்ன பண்ணுவார் பாவம்.

நண்பனுக்கு நான் சொல்ல வந்தது இது தான், ஸ்லைடுல யார் போட்டோ போட்டாலும் இந்தத் தொழில்ல நெஜமான சேர்மன் அந்தத் தளத்தோட முதலாளி தான். நாம தண்ணி லாரி. கிணறு அவங்களோடது.

கேரி கிங் ஒருத்தர் கதை மட்டும்னா விட்டுடலாம். டெப் ராயைப் பாருங்க. கனடாவுல வின்னிபெக்ல பொறந்த இந்திய வம்சாவளிக்காரர், எம்ஐடி மீடியா லேப் புரொஃபசர். தன் பையன் எப்படிப் பேசக் கத்துக்கறான்னு பாக்கறதுக்காக வீடு பூரா 11 கேமரா 14 மைக் மாட்டி மூணு வருஷம் பதிவு பண்ணார், 90,000 மணி நேரம் வீடியோ, 1,40,000 மணி நேரம் ஆடியோ. குழந்தை தண்ணிக்கு முதல்ல "காகா"ன்னு சொன்னது மாசக்கணக்குல மெல்ல மெல்ல "வாட்டர்"ஆ மாறறதை நாப்பது செகண்டுல கேக்கற மாதிரி கோத்து வெச்சிருந்தார், நான் அதைக் கேட்டுட்டு பஸ்ஸுல கண்ணைத் தொடச்சிக்கிட்டேன், இது வேற கதை. வீட்டம்மா ரூபல் படேலும் பேச்சு விஞ்ஞானி, இல்லன்னா அந்த வீட்டுல முதல் கேமராவோட சண்டை ஆரம்பிச்சிருக்கும். அவர் கிட்ட பிஎச்டி பண்ணவர் மைக்கேல் ஃப்ளைஷ்மன், பேஸ்பால் வீடியோவையும் கமெண்ட்ரியையும் சேத்து வெச்சு மெஷினுக்கு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லித் தர்ற வேலை. ரெண்டு பேரும் 2008ல ப்ளூஃபின் லேப்ஸ் ஆரம்பிச்சாங்க, டிவில என்ன ஓடுது, அதே நேரம் ஜனங்க அதைப் பத்தி என்ன எழுதறாங்க, ரெண்டையும் நூல் போட்டுக் கட்டற கம்பெனி. குழந்தை பேச்சும் அப்படித் தானே, எதைக் காட்டிப் பேசறோம்னு தெரியாம வார்த்தைக்கு அர்த்தம் கெடையாதுல்ல. 2013 பிப்ரவரில ட்விட்டர் அந்தக் கம்பெனியை வாங்கிடுச்சு. அடுத்த வருஷம் எம்ஐடில அவருக்கு ஒரு ஆராய்ச்சிக் கூடம் வைக்க ஒரு கோடி டாலரும் டேட்டாவும் ட்விட்டரே குடுத்துச்சு.

அந்தக் கூடத்துல இருந்து தான் 2018 மார்ச்ல வந்த சயன்ஸ் பேப்பர், சொரூஷ் வொசூகி, டெப் ராய், சினான் ஆரல் மூணு பேரும் எழுதினது. 2006ல இருந்து 2017 வரைக்கும் 1,26,000 செய்திக் கதைங்க, 30 லட்சம் பேர் பகிர்ந்தது. பொய் செய்தி ரீட்வீட் ஆக உண்மையை விட 70 சதவீதம் வாய்ப்பு அதிகம், 1,500 பேரைப் போய்ச் சேர உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் ஆகுது, அதுக்கு தானா போஸ்ட் போடற மெஷின் கணக்குங்க, அதாவது பாட், காரணம் இல்ல, நாம தான், மனுஷப் பசங்க தான். ட்விட்டர் காசுலயே ட்விட்டருக்கு வெச்ச ஆப்பு. கிணத்துக்காரன் கயிறைக் குடுத்தா எவ்ளோ ஆழம் பாக்க முடியும்ங்கறதுக்கு இது தான் சாட்சி, குடுக்கலன்னா என்ன ஆகும்னு 2023ல பாத்தோம், எலான் மஸ்க் வந்ததும் ஏபிஐ, அதாவது மெஷின் நேரா போய் டேட்டா எடுக்கற வழி, அது ஃப்ரீயா இருந்ததை மூடிட்டாங்க, பெரிய கஸ்டமருக்கு ஆரம்ப விலையே மாசம் 42,000 டாலர்னு செய்தி வந்துச்சு. எந்த யுனிவர்சிட்டி மாணவன் கட்டுவான் அதை?

மஸ்க்கை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்ல, அதுக்கு முன்னாடியே இந்த வேலை நடந்திருக்கு. நிப்னு ஒரு கம்பெனி, கொலராடோல போல்டர் ஊரு, பிங்ங்கிற வார்த்தையைத் திருப்பிப் போட்ட பேரு, ட்வீட்டுங்களை மொத்தமா வாங்கிச் சில்லறைக்கு விக்கிற கடை. 2014ல அதை ட்விட்டர் வாங்கிச்சு, 2015ல மத்த மொத்த வியாபாரிங்களுக்கு, டேட்டாசிஃப்ட் மாதிரி ஆளுங்களுக்கு, இனிமே சரக்கு கெடையாதுன்னு சொல்லிடுச்சு. ட்வீட்டுங்களைத் தேடித் தர்ற டாப்சியை ஆப்பிள் 2013ல வாங்கி ரெண்டே வருஷத்துல மூடுச்சு. க்ளவுட் இன்னும் தமாஷ், ஜோ ஃபெர்னாண்டஸ்னு ஒருத்தர் தாடை ஆபரேஷன் பண்ணி வாயைக் கம்பி போட்டுக் கட்டி வெச்சிருந்தப்போ பேச முடியாம ட்விட்டரே கதின்னு கெடந்து, யார் பேச்சை யார் கேக்கறாங்கன்னு மார்க் போட்டா என்னன்னு யோசிச்சது. நூத்துக்கு மார்க். ஒரு காலத்துல ஜஸ்டின் பீபர் நூறு, ஒபாமா அவனுக்குக் கீழ. 2018 மே 25, ஐரோப்பாவுல ஜிடிபிஆர்ங்கிற தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்த அன்னிக்கே அதை மூடினாங்க. அந்த மார்க்கு வெச்சு என்னை ஒரு இன்டர்வியூல கேள்வி கேட்டிருக்காங்க, எனக்கு 41, சொல்லவே கூச்சமா இருக்கு.

மனசுக்கு வலிச்சது க்ரவுட்டாங்கிள் தான். ப்ராண்டன் சில்வர்மேனும் மேட் கார்மரும் 2011ல ஆரம்பிச்சது, முதல்ல போராட்டக் குழுக்கள், சமூக வேலை பண்றவங்க ஃபேஸ்புக்ல ஆள் சேக்கறதுக்காகன்னு நெனச்சு ஆரம்பிச்சு அது எடுபடாம, எந்தப் போஸ்ட் எங்க ஓடுதுன்னு காட்டற டூலா மாறுச்சு. 2016ல ஃபேஸ்புக் வாங்கி பத்திரிகைக்காரங்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் சும்மாவே குடுத்துச்சு. நல்லா தான் போச்சு, 2020ல நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்காரர் கெவின் ரூஸ் அந்த டூலை வெச்சே ஃபேஸ்புக்ல தினமும் அதிகமா ஓடற பத்து லிங்க் இது தான்னு ட்விட்டர்ல போட ஆரம்பிக்கிற வரைக்கும். பட்டியல்ல பெரும்பாலும் வலதுசாரி ஆளுங்க பேரு. முதலாளிக்கு வேர்த்துடுச்சு. 2021ல டீமைக் கலைச்சாங்க, சில்வர்மேன் அந்த வருஷமே வெளிய வந்து, டேட்டாவைத் திறந்து வைக்கணும்னு சட்டம் போட அமெரிக்க செனட்டர்களோட வேலை பாத்தார். 2024 ஆகஸ்ட் 14 கடையைச் சாத்தினாங்க, அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு மூணு மாசம் கூட இல்ல. நாலு வட்டத்துக்குள்ள போட்டோ போடணும்னா நான் முதல்ல போடறது சில்வர்மேனைத் தான், ஏன்னா முதலாளி வீட்டுக்குள்ளயே உக்காந்து ஜன்னலைத் திறந்து வெச்ச ஆளு.

இதையெல்லாம் நண்பன் கிட்ட ஒரு மணி நேரம் சொன்னேன். அவன் பொறுமையா கேட்டுட்டு "சரிடா, இப்போ நாலாவது வட்டத்துக்கு யாரு?"ன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு, "ஆறாவது ஸ்லைடைத் திற, டேட்டா எங்க இருந்து வருதுன்னு படி"ன்னேன். "ஏபிஐ எடுத்துக்கலாம்னு போட்டிருக்கேன்"னான், குரல் கொஞ்சம் எறங்கிடுச்சு. எத்தனை ஏபிஐ, எவ்ளோ ரூபா, நாளைக்கு நிறுத்திட்டா என்ன பண்ணுவன்னு கேட்டேன். யூட்யூப் கமெண்ட்டோட ஆரம்பிக்கலாம், கம்பெனிங்களோட சொந்த கஸ்டமர் கேர் மெசேஜுங்களையே வாங்கி அலசலாம்னு ஒண்ணொண்ணா சொன்னான். அந்த ரெண்டாவது யோசனை பரவாயில்ல, அது அந்தக் கம்பெனிங்களோட சொந்தக் கிணறு, எவனும் பாதில நிறுத்த முடியாது.

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிட்டான். புரொஃபசர் பேச்சே எடுக்கல. தங்கச்சியையும் அவ ஃப்ரெண்டையும் உக்கார வெச்சு 500 தமிழ் கமெண்ட்டைக் கையால பிரிக்கச் சொல்லியிருக்கானாம், ஏழு கூடை வெச்சே. 140ஆவது கமெண்ட்ல ரெண்டு பேருக்கும் சண்டை வந்துடுச்சாம். "மச்சான், 'வெச்சு செஞ்சுட்டாங்க'ன்னு ஒருத்தன் போட்டிருக்கான், இது பாராட்டா திட்டா?"

யாரை வெச்சு செஞ்சாங்கன்னு கேட்டேன். அது கமெண்ட்ல இல்லயாம்.